யாருடைய பணத்தில் ஆய்வு? முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஐந்து வழிகள்

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் எல்லோரையும் அலைக்கழிக்கும் கேள்வி இது: உள்ளூரில் ஒரு திட்டத்தில் சேர்ந்துவிடலாமா, மத்திய அரசு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கலாமா, வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்கலாமா? எனக்கு எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் வேதியியல், இயற்பியல், உயிரியல், பொருளறிவியல் படித்து, தமிழகப் பல்கலைக்கழகங்களில் பட்டம் முடித்தவர்கள். "உள்நாடா, வெளிநாடா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: சம்பளம் யாருடைய கணக்கிலிருந்து வரப்போகிறது?

நாட்டைவிட இதுதான் உங்கள் அடுத்த மூன்று ஆண்டுகளைத் தீர்மானிக்கும். சென்னையில் சொந்த ஃபெலோஷிப்போடு இருப்பவருக்கு இருக்கும் சுதந்திரம், பாஸ்டனில் பேராசிரியரின் திட்டப் பணத்தில் இருப்பவருக்குப் பல சமயம் இருப்பதில்லை. விசா விதிகூட நிதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்து மாறுகிறது.

## எதை வைத்து அளப்பது

முதலில் நிதி. அது பேராசிரியர் வாங்கிய திட்டத்தின் பணமாக இருக்கலாம், உங்கள் பெயருக்கே வந்த ஃபெலோஷிப்பாக இருக்கலாம், நிறுவனத்தின் சொந்தப் பணமாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துவிட்டால், என்ன தலைப்பில் வேலை, எத்தனை மாதம், ஒத்துப்போகாவிட்டால் இடம் மாறலாமா என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது காலம். சோதனைக்கூட அறிவியலில் ஒரு புதிய வேலையைத் தொடங்கி, கட்டுரையாக எழுதி, மதிப்பாய்வைக் கடந்து அச்சில் பார்க்க ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது. அதற்குக் குறைந்த பணியில் சேர்ந்தால், பெரும்பாலும் பிறர் கட்டுரையில் நான்காவது பெயராகத்தான் வெளியே வருவீர்கள்.

மூன்றாவது, இந்த ஆண்டுகள் அடுத்த நேர்காணலில் எப்படி எண்ணப்படும் என்பது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. யுஜிசியின் 2018 விதிமுறைகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களைச் சுருக்கும் அட்டவணையில், கற்பித்தல் அனுபவத்துக்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கும் ஒரே மதிப்புதான்: ஆண்டுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. வெளிநாடு என்பதற்காகத் தனி மதிப்பெண் இல்லை. ஐஐடிகளில் நிலைமை வேறு. முதல் நிலை உதவிப் பேராசிரியர் பதவிக்குப் பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். இரண்டு ஆண்டு ஃபெலோஷிப் ஒன்றை மட்டும் முடித்தவர் அந்தக் கோட்டைத் தொடமாட்டார். ஒப்பந்த அடிப்படையிலான இரண்டாம் நிலைக்குத்தான் பார்க்கப்படுவார்.

நான்காவது, வாடகையும் காப்பீடும் போகக் கையில் நிற்கும் தொகை. அதோடு வீட்டில் இருப்பவர்களின் நிலை: துணைவருக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளி, வயதான பெற்றோர்.

## முதல் வழி: உள்நாட்டுத் திட்டத்தில் ஆர்.ஏ.

விரைவாகக் கிடைப்பது இந்த ஆர்.ஏ., அதாவது ரிசர்ச் அசோசியேட் பதவிதான். ஐஐடி மெட்ராஸில் ஆய்வுத் திட்டங்களைக் கவனிக்கும் ஐசிஎஸ்ஆர் வழியாக, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில், அடையாறு தோல் ஆய்வு நிறுவனமான சிஎல்ஆர்ஐயில், பல்கலைக்கழகத் துறைகளில் ஆண்டு முழுவதும் நேரடி நேர்காணல் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். காலையில் சான்றிதழ்களோடு போனால் மாலைக்குள் முடிவு தெரிந்துவிடுவதும் உண்டு.

தொகையைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2023 ஜூன் ஆணைப்படி ஆர்.ஏ. முதல் நிலைக்கு மாதம் 58,000 ரூபாய், இரண்டாம் நிலைக்கு 61,000, மூன்றாம் நிலைக்கு 67,000. இதற்கு மேல் மத்திய அரசு விகிதத்தில் வீட்டு வாடகைப்படி. சென்னையில் 30 சதவீதம் என்றால் முதல் நிலையில் மொத்தம் 75,400. கோவை, திருச்சி, மதுரையில் 20 சதவீதம், அதாவது 69,600. காரைக்குடி போன்ற ஊரில் 10 சதவீதம், 63,800. விடுதியில் தங்கினால் வாடகைப்படி கிடையாது. சென்னை வாடகையைக் கழித்துப் பார்த்தால், காரைக்குடியில் இருப்பவர் கையில்தான் அதிகம் நிற்கும்.

ஆனால் இந்த ஆணையின் தொகை எல்லா அறிவிப்பிலும் இருக்காது. பழைய விகிதத்தில் மதிப்பீடு போட்டு ஒப்புதல் பெற்ற திட்டங்கள் இன்னும் நடக்கின்றன. ஆர்.ஏ. பதவியே இல்லாத திட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவரை 'திட்ட உதவியாளர்' என்ற பெயரில் குறைந்த தொகைக்கு எடுப்பதும் நடக்கிறது. பதவியின் பெயர் வெறும் சம்பிரதாயம் இல்லை. அனுபவச் சான்றிதழில் அதுதான் அச்சாகும், பின்னால் தேர்வுக் குழு அதைத்தான் படிக்கும்.

நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஐயா, திட்டத்தின் அனுமதி ஆணை எந்தத் தேதியிட்டது?" மூன்று ஆண்டுத் திட்டம் என்று அறிவிப்பு சொல்லும். ஆணை இரண்டு ஆண்டுக்கு முந்தையது, முன்பு இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார், அந்தக் காலியிடம்தான் உங்களுக்கு என்றால் மிச்சம் இருப்பது பன்னிரண்டு மாதம். "பதவி தற்காலிகமானது, திட்டத்தோடு முடிவடையும்" என்ற ஒரு வரி அறிவிப்பின் அடியில் இருக்கும். அந்த வரிக்குள் எத்தனை மாதம் இருக்கிறது என்று அனுமதி ஆணையின் தேதிதான் சொல்லும். கேட்பதில் தவறே இல்லை. நல்ல பேராசிரியர் ஆணையையே எடுத்துக் காட்டுவார். தயங்குகிறார் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு தாமதம். ஆண்டுக் கடைசியில் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த தவணை வரும். அலுவலகங்களில் 'யூ.சி.' என்று சொல்லப்படும் அந்தத் தாள் தாமதமானால் சம்பளம் நிற்கும். நிதி வராத மாதங்களில் நிறுவனம் தன் பணத்திலிருந்து கொடுத்துப் பிறகு சரிக்கட்டிக்கொள்கிறதா என்று அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள். சில இடங்களில் கொடுக்கிறார்கள், பல இடங்களில் இல்லை. வாடகைக்கும் கடன் தவணைக்கும் இந்தச் சம்பளம் ஒன்றையே நம்பியிருப்பவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஆய்வேட்டிலிருந்து இன்னும் இரண்டு கட்டுரைகள் வெளிவர வேண்டியிருப்பவர், ஊரைவிட்டு நகர முடியாதவர், புதிய கருவியிலோ முறையிலோ கை பழக வேண்டியவர், இவர்களுக்கு இந்த வழி நல்லது. ஆனால் பட்டம் பெற்ற அதே ஆய்வகத்திலேயே ஆர்.ஏ. ஆகத் தொடர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறு மாதம் சரி. அதற்கு மேல் போனால், நெறியாளரின் நிழலிலிருந்து வெளியே வராதவர் என்ற எண்ணம் அடுத்த நேர்காணலில் கூடவே வரும்.

## இரண்டாம் வழி: உள்நாட்டில் சொந்த ஃபெலோஷிப்

இதில் முக்கியமானது தேசிய முதுமுனைவர் ஃபெலோஷிப், பேச்சு வழக்கில் என்.பி.டி.எஃப். முன்பு மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியமான எஸ்.இ.ஆர்.பி. நடத்தியது, 2023 சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு நிதியம் இப்போது நடத்துகிறது. காலம் இரண்டு ஆண்டு. எஸ்.இ.ஆர்.பி. வகுத்திருந்தபடி மாதம் 55,000 ரூபாயும் வாடகைப்படியும், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சமும், நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சமும். வயது வரம்பு 35; பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் தொகையையும் வரம்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

மாதத் தொகை ஆர்.ஏ. தொகையை ஒட்டியதுதான். வித்தியாசம் அந்த 2 லட்சத்தில் இருக்கிறது. வேதிப்பொருள் வாங்கவும், வெளி ஆய்வகத்தில் மாதிரி சோதிக்கவும், மாநாட்டுக்குப் போகவும் பேராசிரியரிடம் போய் நிற்க வேண்டாம். தலைப்பு உங்களுடையது, முன்மொழிவு உங்களுடையது, தொடர்பு ஆசிரியராக, அதாவது கட்டுரைக்குப் பொறுப்பேற்று இதழோடு பேசுபவராக, கட்டுரை வெளியிடும் உரிமையைக் கேட்க உங்களுக்கு அடிப்படை இருக்கிறது. ஐஐஎஸ்இஆர் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்), ஐஐடி நேர்காணலில் "இதில் உங்கள் யோசனை எது?" என்று கேட்பார்கள். அதற்குச் சொல்ல ஒரு பதில் இங்கேதான் உருவாகும்.

விலை என்னவென்றால் காத்திருப்பு. அழைப்பு வரும் நாளிலிருந்து முடிவு வரப் பல மாதம், ஆணை வந்து முதல் தவணை சேர இன்னும் சில மாதம். அந்த இடைவெளியைத் தாங்க ஒரு ஏற்பாடு வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காராமல் முதல் வழியில் ஓர் இடத்தில் சேர்ந்துவிடுங்கள். சேரும்போதே பேராசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சமூக அறிவியல், தமிழ், வரலாறு படித்தவர்களுக்கு முதல் வழி ஏறக்குறைய மூடியே இருக்கிறது, திட்டங்கள் குறைவு. அவர்களுக்கு இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகமான ஐசிஎஸ்எஸ்ஆரின் இரண்டு ஆண்டு ஃபெலோஷிப்பே பெரிய வாசல். சுவடி, கல்வெட்டு, நில வரலாறு சார்ந்தவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் கவனிக்கலாம்.

## மூன்றாம் வழி: நிறுவனத்தின் சொந்த நிதி

பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடிகள், தரமணி கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரி சென்னைக் கணிதக் கழகம் ஆகியவை தங்கள் பணத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களை எடுக்கின்றன. கணிதத்துக்கும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். அந்தத் துறைகளில் விண்ணப்பக் காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சேர்வது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வாக்கில். மே மாதம் பட்டம் முடித்துவிட்டுத் தேடத் தொடங்கினால் ஓர் ஆண்டு போய்விடும். சம்பளம் தவறாது, தலைப்பில் கட்டுப்பாடு குறைவு. இடங்கள் மிகக் குறைவு என்பது மட்டும்தான் குறை.

## நான்காம் வழி: வெளிநாட்டில் பேராசிரியரின் நிதி

அமெரிக்காவில் பெரும்பாலான போஸ்ட்டாக் இடங்கள் இந்த வகைதான். தேசிய சுகாதார நிறுவனம் 2024-க்கு நிர்ணயித்த தொடக்கத் தொகை ஆண்டுக்கு 61,008 டாலர், அதாவது வரிக்கு முன் மாதம் 5,084 டாலர். உயிரியல் ஆய்வகங்கள் பல இதையே அடிமட்ட அளவாக வைத்திருக்கின்றன. ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ வேண்டாம். பாஸ்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதே சம்பளம் ஒரு சிறிய பல்கலைக்கழக ஊரில் வசதியான வாழ்க்கை. பயணம், விசா, முன்பணம், முதல் மாதச் செலவு எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்பே உங்கள் கையிலிருந்து போகும். இடம்பெயர்வுச் செலவு தருவார்களா என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் யாரும் தருவதில்லை.

அங்கே ஆய்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாங்கும் ஜே-1 விசாவில் மூன்று விஷயங்கள் முக்கியம். ஆய்வாளர் பிரிவில் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம், ஆனால் பத்து மாதத்தில் விட்டுத் திரும்பினாலும் அந்த ஐந்து ஆண்டும் முடிந்ததாகக் கணக்கு; அடுத்த 24 மாதத்துக்கு அதே பிரிவில் புதிதாகத் தொடங்க முடியாது. எனவே குறுகிய கால அழைப்புக்கு அந்தப் பிரிவைச் செலவழித்துவிடக் கூடாது. இரண்டாவது, துணைவர் ஜே-2 விசாவில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இருவரும் படித்தவர்களாக இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். மூன்றாவது, நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்ற கட்டாயம். எந்த நாட்டவருக்கு, எந்தத் துறைக்கு இந்தக் கட்டாயம் என்று சொல்லும் திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டதால், அந்தக் காரணத்துக்காக இப்போது அது பொருந்தாது. ஆனால் ஃபுல்பிரைட்-நேரு போல அரசுப் பணத்தில் போகிறவருக்கு இன்றும் பொருந்தும். பணம் யாருடையது என்ற கேள்வி இங்கே உங்கள் கடவுச்சீட்டிலேயே வந்து நிற்கிறது.

பேராசிரியரின் மானியம் நின்றால் உங்கள் வேலையும் விசாவும் சேர்ந்து நிற்கும். 2025-இல் அமெரிக்கக் கூட்டரசு ஆய்வு மானியங்கள் பல ரத்தாகி, பல பல்கலைக்கழகங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவைத்ததை எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. இப்போது ஓர் அழைப்பு வந்தால், "மானியம் எந்த ஆண்டு வரை உறுதி?" என்பதைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

ஜெர்மனியில் இதே வகை இடங்கள் பெரும்பாலும் அரசு ஊதிய அட்டவணையின் இ-13 நிலையில் வேலை ஒப்பந்தமாக வரும். ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதில் அடக்கம். உதவித்தொகை என்று வந்தால் இவை இல்லை. காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டும். மாதத் தொகை ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பந்தமே மேல். பொருளறிவியல், மின்கலத் துறைகளில் தமிழக முனைவர்கள் பலர் தென்கொரியாவுக்கும் தைவானுக்கும் போகிறார்கள். கருவி வசதி சிறப்பு, கட்டுரைகள் வேகமாக வரும். வேலை நேரம் எப்படி என்று அங்கே இருக்கும் நம்மவர் ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

## ஐந்தாம் வழி: வெளிநாட்டில் சொந்த ஃபெலோஷிப்

ஹம்போல்ட் ஃபெலோஷிப் ஆறு முதல் 24 மாதம். பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துறைக்கோ நாட்டுக்கோ ஒதுக்கீடு இல்லை, ஆண்டின் எந்த நாளிலும் அனுப்பலாம். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். 12 முதல் 24 மாதம், மாதம் 3,62,000 யென், பட்டம் பெற்று ஆறு ஆண்டுக்குள். விண்ணப்பத்தை அங்குள்ள பேராசிரியர் சமர்ப்பிப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்குப் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டு வரை வாய்ப்பு, வழக்கமாகச் செப்டம்பரில் கடைசித் தேதி. 2025-இல் அதற்கு 17,000-க்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. இதை ஒன்றையே நம்பி ஓர் ஆண்டை ஒதுக்குவது பெரிய துணிச்சல்.

மேரி கியூரியில் ஒரு பொறி இருக்கிறது. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஒரு நாட்டில் இருந்திருந்தால், அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க முடியாது. பேராசிரியர் பணத்தில் ஜெர்மனிக்குப் போய் ஒன்றரை ஆண்டு கழித்து, அதே ஆய்வகத்தில் மேரி கியூரிக்கு மாறலாம் என்று கணக்குப் போட்டால் அது நடக்காது.

தலைப்பும் சுதந்திரமும் பெயரும் இதில்தான் அதிகம். இந்தியா திரும்பும்போது ராமானுஜன், ராமலிங்கசுவாமி போன்ற மறுவருகை ஃபெலோஷிப்புகளுக்கும், ஐந்து ஆண்டுக்கு மாதம் 1,25,000 ரூபாய் தரும் இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டத்துக்கும் இது கைகொடுக்கும்.

## ஒரே பார்வையில்

| | உள்நாட்டு ஆர்.ஏ. | உள்நாட்டு ஃபெலோஷிப் | நிறுவன போஸ்ட்டாக் | வெளிநாடு, பேராசிரியர் நிதி | வெளிநாடு, சொந்த ஃபெலோஷிப் |
|---|---|---|---|---|---|
| கிடைக்கும் வேகம் | வாரங்கள் | பல மாதம் | பருவத்தைப் பொறுத்தது | 3 முதல் 9 மாதம் | ஏறக்குறைய ஓர் ஆண்டு |
| தலைப்பு யாருடையது | பேராசிரியர் | நீங்கள் | பெரும்பாலும் நீங்கள் | பேராசிரியர் | நீங்கள் |
| பெரிய ஆபத்து | திட்டம் முடிவது, தவணைத் தாமதம் | காத்திருப்பு | இடக் குறைவு | மானியமும் விசாவும் சேர்ந்து நிற்பது | கடும் போட்டி |
| யாருக்குப் பொருத்தம் | கட்டுரை முடிக்க வேண்டியவர், ஊரில் இருக்க வேண்டியவர் | சொந்த யோசனை உள்ளவர் | கணிதம், கோட்பாடு | புதிய நுட்பம் கற்க விரும்புபவர் | ஆய்வுத் தலைமை நோக்குபவர் |

இதில் சேராத ஆறாவது வழி, தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. கற்பிப்பதே விருப்பம் என்றால் தாராளமாகப் போகலாம். யுஜிசி அட்டவணையில் ஆண்டுக்கு அதே 2 மதிப்பெண். ஆய்வைத் தொடரும் எண்ணத்தோடு போனால் கடினம். வாரம் 16 மணி நேர வகுப்பும், சேர்க்கை, தேர்வு, தர மதிப்பீட்டுக் குழு வேலைகளும் போக மிஞ்சும் நேரத்தில் சோதனை செய்ய முடியாது. சம்பளமும் பல கல்லூரிகளில் ஆர்.ஏ. தொகையைவிடக் குறைவு.

## பேராசிரியருக்கு எழுதுவது

ஐந்து வழிகளில் நான்குக்குத் தேவை, உங்களை ஏற்க ஒரு பேராசிரியர். "தங்கள் ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தன, தங்கள் குழுவில் சேர வாய்ப்பளியுங்கள்" என்று தொடங்கும் கடிதம் முதல் வரியிலேயே மூடப்படும். அதே ஆள் இப்படித் தொடங்கலாம்: "சோடியம் அயனி மின்கலத்தில் கடினக் கார்பன் எதிர்மின்முனை முதல் சுழற்சியில் இழக்கும் கொள்ளளவு பற்றித் தாங்கள் எழுதியிருந்தீர்கள். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் மேற்பூச்சு மூலம் அந்த இழப்பைக் குறைத்தேன், கட்டுரையை இணைத்துள்ளேன். இதைத் தங்கள் மின்பகுபொருளோடு இணைத்துப் பார்க்க விரும்புகிறேன். இந்த ஆண்டு ஹம்போல்டுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். ஏற்கும் பேராசிரியராக இருக்கச் சம்மதிப்பீர்களா?" பணத்தைத் தானே கொண்டுவரப் பார்க்கிறார் என்பது பேராசிரியருக்குக் கடைசி வரியில் தெரிந்துவிடும். அதனால் பதில் வரும் வாய்ப்பு கூடுகிறது. சில சமயம், "ஃபெலோஷிப் வரும்வரை என் திட்டத்தில் ஆறு மாதம் சேருங்கள்" என்ற பதிலும் வரும்.

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பத்துப் பேரின் கடைசி மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பத்துக் கடிதம் எழுதுவது மேல். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். பதில் வந்தால், பேச்சு முடியும் முன் அந்தக் குழுவிலிருந்து சமீபத்தில் வெளியேறிய ஒருவரின் முகவரியைக் கேட்டு வாங்கி அவரிடம் பேசுங்கள். குழுவில் இப்போது இருப்பவர் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

இரண்டு அழைப்பு ஒரே நேரத்தில் வந்தால், இரண்டு வாரம் அவகாசம் கேட்பது வழக்கம்தான்; அதற்காக யாரும் அழைப்பைத் திரும்பப் பெற மாட்டார்கள். மின்னஞ்சலில் வந்த வாழ்த்தை நம்பி இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டாம். தொகை, காலம், பதவிப் பெயர் மூன்றும் எழுதிய ஆணை கைக்கு வந்த பிறகு, பழைய இடத்தின் ஒரு மாத முன்னறிவிப்பைக் கொடுங்கள். அனுபவச் சான்றிதழையும் நிலுவைத் தொகையையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.